அண்ட், பட், ஸோ: வாக்கியங்களைச் சேர்ப்பது பற்றிக் கேட்டவை

கேள்வி: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட்' என்று எழுதினேன். சார் 'பட்' என்ற வார்த்தையை அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் அடித்தது சரி. ஆல்தோ போட்டவுடனே அந்தப் பாதி தனியாக நிற்க முடியாமல் அடுத்த பாதியில் சாய்ந்துவிடுகிறது, பட் என்பதோ தனித்தனியாக நிற்கக்கூடிய இரண்டைச் சேர்க்கிற வார்த்தை, அதனால் ஏதாவது ஒன்றுதான் இருக்கலாம். தமிழில் மட்டும் 'மழை பெய்தாலும் ஆனால் போனோம்' என்றா சொல்கிறோம்? பிகாஸில் தொடங்கிவிட்டு நடுவில் ஸோ போடுவதும் இதே கதைதான்.

கேள்வி: அண்ணா, நான் பத்தாம் வகுப்பு. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியங்களை மாற்றும்போது காம்பவுண்டில்தான் குழப்பம்.

பதில்: காம்பவுண்ட் என்றால் தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தது; ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ, இந்த ஏழில் ஒன்று நடுவில் வரணும். முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்பார்கள். பரீட்சைக்குப் பெரும்பாலும் நான்கு போதும். தோ, இன்ஸ்பைட் ஆஃப் இருந்தால் பட். பிகாஸ், டியூ டு இருந்தால் காரணத்தை முன்னால் வைத்து ஸோ. இஃப் வந்தால்தான் பலர் முழிக்கிறார்கள்: 'இஃப் யூ ரன், யூ வில் கேட்ச் தி பஸ்' என்பது 'ரன், அண்ட் யூ வில் கேட்ச் தி பஸ்' ஆகும், முதல் பாதி கட்டளையாகிவிடுவதால் அங்கே இருந்த யூ போய்விடும். அன்லெஸ் அல்லது இஃப் யூ டோன்ட் என்றால் அண்டுக்குப் பதில் ஆர்: 'ரன், ஆர் யூ வில் மிஸ் தி பஸ்.'

கேள்வி: அண்டுக்கு முன்னால் கமா எப்போது?

பதில்: இரண்டு பக்கமும் எழுவாயோடு முழு வாக்கியம் இருந்தால் போடுங்கள்: 'ஐ வென்ட் ஹோம், அண்ட் மை பிரதர் குக்ட் டின்னர்.' 'ஐ வென்ட் ஹோம் அண்ட் குக்ட் டின்னர்' என்பதில் ஆள் ஒருவர்தான், கமா வேண்டாம். இணைக்கும் வார்த்தையே இல்லாமல் வெறும் கமாவால் இரண்டு வாக்கியத்தை ஒட்டுவதுதான் பெரிய தப்பு.

கேள்வி: பட்டியலில் கடைசியாக வரும் 'ஆர்' என்பதற்கு முன்னால் கமா வேண்டுமா?

பதில்: அது அவரவர் பழக்கம், ஆனால் குழப்பம் வரும் என்று தோன்றினால் போட்டுவிடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் கிடையாத வேலைகளின் பட்டியல் சட்டத்தில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று முடிந்தது. டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலையா, பேக்கிங்கோடு சேர்ந்ததா? ஷிப்மென்டுக்குப் பின் கமா இல்லை, தெளிவும் இல்லை என்று 2017-ல் அப்பீல் கோர்ட் ஓவர்டைம் கேட்ட பால் லாரி ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-ல் 50 லட்சம் டாலரில் வழக்கு சமரசமானது.

கேள்வி: 'பட்' என்பதற்குப் பதில் ஹவெவர் போடலாமா?

பதில்: அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் கமா.

கேள்வி: அண்ட், பட் கொண்டு வாக்கியத்தைத் தொடங்கவே கூடாதாமே?

பதில்: அப்படி இலக்கண விதி எதுவும் இல்லை. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் 31 வசனங்களில் 29 அண்டில்தான் தொடங்குகின்றன. திருத்துகிறவர் மார்க் குறைப்பார் என்றால் மட்டும் பரீட்சைத் தாளில் தவிர்த்துவிடுங்கள்.