முகப்படத்தைத் திரை அச்சுச் சுவரொட்டியாக மாற்றுதல்: நிறங்கள் திட்டுத்திட்டாகச் சிதறுவது ஏன்?

வணக்கம். போட்டோஷாப்பில் போஸ்டரைஸ் (நிறப் படிகளைக் குறைக்கும் கட்டளை) அளவை 4 என வைத்தும் முகத்தில் பச்சையும் ஊதாவும் சிதறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டளை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே நான்கு படிகளாக வெட்டுவதால், நான்கு நிறங்களுக்குப் பதிலாக 64 வரை உருவாகக்கூடும்; துணித் திரை வழியே மையைத் தள்ளி அச்சிடும் திரை அச்சிலோ ஒரு திரைக்கு ஒரு மை மட்டுமே.

ஆகவே படத்தை முதலில் கருப்பு வெள்ளையாக்கி, மீடியன் ஃபில்டரால் தோலின் நுண்புள்ளிகளைக் கரைத்துவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் விளிம்புகள் அரித்தது போல் தெரியும். பின்னர் லேயரை (பட அடுக்கை) மூன்று பிரதிகளாக்கி, குறித்த அளவைவிட அடர்ந்ததைக் கருப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் மாற்றும் திரெஷோல்டை 70, 120, 180 என்ற அளவுகளில் தொடங்கி, கண்ணும் மூக்கின் நிழலும் தெளிவாக நிற்கும்வரை நகர்த்திப் பாருங்கள். இந்த எண்கள் படத்துக்குப் படம் மாறும். ஒவ்வொன்றிலும் வெள்ளையை அழித்து, எஞ்சிய கருப்பின் மேல் ஒரே மை நிறத்தை நிரப்பி, மிகக் குறைந்த திரெஷோல்டு அளவுள்ள லேயருக்கு அடர்ந்த நிறத்தையும் மிக அதிக அளவுள்ளதற்கு வெளிர் நிறத்தையும் கொடுத்து, அனைத்தையும் மல்டிப்ளையில் (கீழுள்ள நிறத்தோடு கலந்து அடர்த்தியாகும் முறையில்) வையுங்கள். அடியில் தூய வெள்ளையை விட இளமஞ்சள் தாள் நிறமே எனக்குப் பிடித்தமானது.

கடைசியாக ஒரு லேயரை மட்டும் இரண்டு மூன்று பிக்சல் நகர்த்துங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கோப்பில் 3 பிக்சல் என்பது கால் மில்லிமீட்டர்தான் என்றாலும், கையால் அச்சிட்டது போன்ற உயிர்ப்பை அந்தச் சிறு பிசகே தருகிறது.