ஒரு நாட்டுத் தலைவரின் வெளியுறவுப் பார்வை எப்படி உருவாகிறது?

வெளியுறவுப் பார்வை என்றால், எந்த நாட்டோடு நெருங்குவது, யாரிடம் தள்ளி நிற்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் ஒரு தலைவருக்கு இருக்கும் தெளிவு. அது பதவியேற்கும் நாளில் வந்துவிடாது. பார்த்ததும் பட்டதும் பல வருஷம் உள்ளே ஊறி வருவது.

நேருவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் பிற அடிமை நாடுகளின் போராளிகளோடு பழகினார். 1938-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கே போய், குண்டுவீச்சுக்கு நடுவே பார்சிலோனாவைக் கண்டார். 1946 செப்டம்பரில் வானொலியில் பேசியபோது, வல்லரசு அணிகளிடமிருந்து கூடியவரை விலகி நிற்போம் என்றார். அணிசேராமை திடீரென்று முளைத்ததல்ல.

டெல்லி ஆர்.கே. புரத்துக்குப் புதிதாகக் குடிவரும் நம்மூர்க்காரரும் ஊர்ப் பழக்கத்தை வைத்துத்தான் அக்கம்பக்கத்தாரை எடைபோடுவார். ராத்திரி அவசரத்துக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்று தெரிந்தபின் கணக்கு மாறும். நேருவுக்கு அந்த ராத்திரி 1962 சீனப் போர். கொள்கையைக் கைவிடவில்லை, ஆனால் ராணுவ உதவி கேட்டு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதினார். இந்த மாற்றத்தைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆள் மாறினால் கொள்கையும் தலைகீழாகும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லையும் அண்டை நாடுகளும் மாறுவதில்லையே; 1977-இல் ஜனதா ஆட்சி வந்த பிறகும் சோவியத் நட்பு தொடர்ந்தது.