அரசு எதில் கை வைக்கலாம், எதில் கூடாது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பொருளாதாரச் சுதந்திரம், அரசின் கடமை பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவை இவை.

போச்சம்பள்ளி மா விவசாயி: சந்தையை அதன் போக்கில் விடச் சொல்கிறீர்கள். கூழ் ஆலைக்காரர்கள் கூடிப் பேசி விலையை இறக்கினால் நாங்கள் எங்கே போவது? எடைச்சீட்டில் எடை மட்டும்தான் இருக்கிறது. விலையைக் கேட்டால் 'அப்புறம்' என்கிறார்கள்.

அந்தச் சீட்டுதான் பிரச்சினையே. மரத்திலிருந்து இறக்கிய தோத்தாபுரி காத்திருக்காது, அது ஆலைக்கும் தெரியும். சுதந்திரச் சந்தை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஆடம் ஸ்மித். ஒரே தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு விலைச் சதியில்தான் போய் முடியும் என்று 1776-லேயே எழுதியவரும் அவர்தான். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அப்படிக் கூடி விலை வைப்பதைத் தடுக்கிறது. அரசு விலையை நிர்ணயிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். லோடு இறங்கும்போதே எடையும் விலையும் எழுதிய ரசீது தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். விலை தெரியாமல் சரக்கைக் கொடுப்பதை வியாபாரம் என்றே சொல்ல முடியாது.

ஓசூர் ஆலைத் தொழிலாளி: எங்கள் ஊரை வளர்த்தது அரசுதானே?

பாதி உண்மை. 1971-இல் தொடங்கிய, தொழிற்பேட்டைகள் அமைக்கும் தமிழக அரசு நிறுவனமான சிப்காட் நிலம், சாலை, மின்சாரம் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தது. டைட்டன் நிறுவனமே டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியதுதான். ஆனால் அதே காலத்தில் அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்யப் பல தொழில்களில் டெல்லியின் உரிமம் வேண்டியிருந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் நீங்கியது. நிலமும் சாலையும் தருவது அரசின் வேலை. எத்தனை வண்டி செய்யலாம் என்று சொல்வது அதன் வேலை இல்லை.

தருமபுரி கல்லூரி மாணவி: தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1959-இல் சந்தைச் சுதந்திரம் பேசிய சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவரே மதுவிலக்கையும் கொண்டுவந்தார். முரண் இல்லையா?

முரண்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் வந்ததே சேலம் மாவட்டத்தில். அன்று நம் இரு மாவட்டங்களும் அதற்குள் இருந்தன. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. இடையில் 1938-இல் விவசாயிகளின் கடனைக் குறைக்கவும் சட்டம் போட்டார். அப்புறம் 1952-இல் முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாடுகளை நீக்கினார். பிறகு தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் ஆட்சியை 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்று சாடினார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது: தொழிலில் அரசு ஒதுங்க வேண்டும், ஒழுக்கத்தில் தலையிட வேண்டும். முதல் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைப் பிடித்து உள்ளே வைப்பது அரசின் கடமை. யாரையும் துன்புறுத்தாதவனின் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்குவது கடமை ஆகாது. சாராயத்தால் அழிந்த குடும்பத்துப் பெண்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். அவர்கள் கோபம் நியாயமானது.

பென்னாகரம் வாசகர்: குடிநீரையும் தனியாரிடம் விடலாமா?

கூடாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதுதான் கதை. அதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் 2013-இல் வந்தது. கட்டணம் கட்ட வழியில்லாத மலையோரக் குக்கிராமத்துக்கு லாபம் பார்த்து யாரும் குழாய் போட மாட்டார்கள். இப்படிப்பட்ட பொதுப்பணிகளை ஸ்மித்தும் அரசின் கடமை என்றே சொன்னார்.

பாலக்கோடு தக்காளி வியாபாரி: பெங்களூருக்காரர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. இதில் அரசு என்ன செய்யும்?

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வைப்பதுதான் அரசின் முதல் வேலை. செக் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கிறது, சந்தையை நம்பும் நாம் முதலில் சத்தம் போட வேண்டியது இதற்குத்தான். நீங்கள் தாமதிக்காதீர்கள். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.