கேள்வி-பதில்: பூமி சூடானதற்கு எந்த நாடு பதில் சொல்லும்?

பருவநிலை மாற்றத்துக்கு ஒரு நாட்டைச் சட்டப்படி பொறுப்பாக்க முடியுமா?

முடியும். 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் ஒருமனதாக அப்படித்தான் சொன்னார்கள். நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமம் தருவதும் அதற்கு மானியம் கொடுப்பதும்கூடச் சட்டமீறலாகலாம். புகை விட்டது தனியார் நிறுவனம்தானே என்று அரசு கைகழுவ முடியாது; கட்டுப்படுத்தாமல் விட்டது அரசின் குற்றம். இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனது வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு. அதற்கு முதலில் குரல் கொடுத்தவர்கள் பசிபிக் பகுதியின் சட்ட மாணவர்கள். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

அது வெறும் ஆலோசனைக் கருத்துதானே?

ஆமாம், தீர்ப்பு அல்ல. ஆனால் அதில் விளக்கப்பட்ட கடமைகள் ஏற்கெனவே நாடுகளைக் கட்டுப்படுத்துபவை.

புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டால் தப்பிக்கலாமா?

ஒப்பந்தக் கடமைகள் போகும். நாடுகள் கடமையாகக் கருதிக் காலங்காலமாகப் பின்பற்றுவதால் உருவான வழக்காற்றுச் சட்டம் போகாது. அடுத்த நாட்டுக்குக் கேடு செய்யாதே என்ற விதி பழையது. கனடாவின் டிரெயில் ஊரில் இருந்த உலோக உருக்காலையின் கந்தகப் புகை எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. 1941-இல் நடுவர் மன்றம் கனடாவையே பொறுப்பாக்கியது.

வெள்ளத்தில் வீடிழந்த நான், அதிகம் புகை விட்ட நாட்டிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

இங்கேதான் மனம் கனக்கிறது. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். எதிர்த்தரப்பு நாடும் ஏதோ ஒரு வகையில் அதன் அதிகார வரம்பை ஏற்றிருக்க வேண்டும். அதையும் தாண்டினால், அந்த நாட்டின் தவறுக்கும் உங்களுக்கு வந்த சேதத்துக்கும் போதிய அளவு நேரடியான, உறுதியான தொடர்பைக் காட்ட வேண்டும். எல்லா நாட்டுப் புகையும் ஒரே வானில் கலந்திருக்க, அது கடினம். ஆனாலும் முடியாத காரியம் அல்ல என்றுதான் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இப்போதைக்கு நடைமுறையில் பலன் தருவது சொந்த அரசின் மீதான வழக்கு. நெதர்லாந்தில் அர்கெண்டா அமைப்பு தொடுத்த வழக்கில், பசுங்குடில் வாயு உமிழ்வை 1990-இன் அளவைவிடக் குறைந்தது 25 சதவீதம் 2020-க்குள் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்மணிகள் தங்கள் அரசின் மீது தொடுத்த பருவநிலை வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். அப்போதும் தனித்தனியாக வந்த நால்வரின் மனு ஏற்கப்படவில்லை. வென்றது அவர்களின் சங்கம்தான். ஆகவே வழக்கு என்று இறங்கினால் சங்கமாகத் திரளுங்கள்.

இழப்பு-சேத நிதி என்பது நஷ்டஈடுதானே?

இல்லை. பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவ, 2022-இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்ட அந்த நிதிக்கு நாடுகள் தருவது தாமாக முன்வந்து தரும் பணம். பொறுப்பை ஏற்றுத் தரும் இழப்பீடு வேறு. பணக்கார நாடுகள் அந்த வித்தியாசத்தை விடாப்பிடியாகக் காத்து வருகின்றன.

தீவு மூழ்கிவிட்டால் நாடே இல்லாமல் போகுமா?

நிலத்தை இழப்பதால் மட்டும் நாடு என்ற தகுதி போய்விட வேண்டியதில்லை என்று அதே ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடல் உள்ளே வந்தாலும், முறைப்படி வகுத்த கடல் எல்லைகளை மாற்றி வரையும் கட்டாயமும் இல்லை. அதனால் மீன்வளத்தின் மீதான உரிமை கைவிட்டுப் போகாது.