பின்வாசலில் மதுபான பார்: இரவுச் சத்தம் குறித்துக் கேள்வி பதில்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்வாசல் திறக்கும் தெருவில் ஒரு பார் வந்தது. மூன்று ஆண்டு சரியான தூக்கமில்லை. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் மனு எழுதத் தெரியும். இப்போது அங்கே இரவு பத்து மணிக்கு மேல் பாட்டு கிடையாது. கேட்டிருப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: இவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சுவர் அத்தனை கனம். அப்படியும் பார்ப் பாட்டு கட்டில் பக்கத்தில் கேட்கிறதே?

சுவரில் குறையில்லை ஆச்சி. சத்தம் வளவு வழியாக, அதாவது நடு முற்றம் வழியாக இறங்குகிறது. காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக நடுவில் வானம் பார்க்கக் கட்டிய வீடுகள் நம்முடையவை. அன்று தெருவில் மாட்டு வண்டிதான் போனது. எங்கள் வீட்டில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு ஜன்னல் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தேக்குப் பலகை தாளத்துக்குத் தாளம் அதிர்ந்தது, கொக்கி கிணுகிணுத்தது. அந்த அடித்தொனி மெல்லிய பலகையை எளிதில் ஊடுருவும்.

பார் இருக்கும் திசைக்கு எதிர்ப்புற அறைக்குப் படுக்கையை மாற்றுங்கள். கதவு நிலையில் கம்பளிப் பட்டை ஒட்டி, அடி இடுக்கில் துணியைச் சுருட்டி வையுங்கள். ஜன்னலுக்கு உட்புறம் இரண்டாவதாக ஒரு கண்ணாடிக் கதவு போட்டு, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் நல்ல பலன் இருக்கும். வளவுக்கு மேல் தகரம் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெக்கை ஏறும், தகரமும் சேர்ந்து அதிரும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் வீண்.

தேவகோட்டையிலிருந்து: சட்டப்படி எவ்வளவு சத்தம் வரை அனுமதி?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. "நாலு சுவருக்குள்தானே பாட்டு வைக்கிறோம்" என்று பார்க்காரர் சொல்லலாம். அப்போதும் அவருடைய எல்லைச் சுவரில் அளந்தால் அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. கைப்பேசிச் செயலி காட்டும் அளவு சாட்சியாகாது. எந்த நேரத்தில் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ளப் பயன்படும்.

கோட்டையூர்த் தம்பி: 100க்கு அழைத்தால் போலீஸ் வருகிறது, சத்தம் குறைகிறது. அவர்கள் போனதும் பழையபடி. என்ன செய்வது?

என் முதல் மனுவும் இப்படித்தான் வீணானது தம்பி. "தாங்க முடியாத தொல்லை" என்று உருக்கமாக எழுதியிருந்தேன். "நேரில் விசாரித்ததில் சத்தம் ஏதும் இல்லை" என்று பதில் வந்தது. விசாரிக்க வந்தது காலை பதினொரு மணிக்கு!

அதன் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். 21 இரவுகள் எழுதினேன். தேதி, பாட்டு தொடங்கிய நேரம், நின்ற நேரம், 100க்கு அழைத்த நேரம், போலீஸ் வந்த நேரம், மறுபடி தொடங்கிய நேரம். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதை நகலெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கினேன். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். ஒலி மாசு விதிகளில் நடவடிக்கை எடுக்க டி.எஸ்.பி. நிலை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அவருக்கு ஒரு பிரதி. திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று.

அதற்கும் அசையவில்லை என்றால் தேவகோட்டை கோட்டாட்சியரிடம் போங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை நிறுத்தச் சொல்லி அவர் உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது இதுதான். பலருக்கு இந்த வழி தெரிவதில்லை, எனக்குப் பலன் தந்தது இதுதான். "பாரை மூடுங்கள்" என்று நான் கேட்கவில்லை. "பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். நோட்டு இருந்ததால் மறுக்க முடியவில்லை.

பொன்னமராவதியிலிருந்து: நாங்களும் சிவகங்கைக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் புதுக்கோட்டை மாவட்டம், அங்கேதான் மனு. உயர் நீதிமன்றம் வரை போனால் இரு மாவட்டத்துக்கும் மதுரைக் கிளை.

எங்கள் தெருவில் "மனமகிழ் மன்றம்" என்று பலகை. போகிறவர் வருகிறவர் எல்லாம் குடிக்கிறார்கள்.

மன்ற உரிமம் உறுப்பினர்களுக்கு மட்டும் பரிமாறத்தான். ஆட்சியர் அலுவலகத்தில் கலால் உதவி ஆணையர் இருக்கிறார், அவரிடம் எழுதுங்கள். உரிமத்தின் நகலையும் நிபந்தனைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கோயிலிலிருந்து எண்பது மீட்டரில் டாஸ்மாக் கடை. எடுக்க வைக்க முடியுமா?

கோயிலுக்கும் கடைக்கும் நடுவே மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டராவது இருக்க வேண்டும். காரைக்குடி இப்போது மாநகராட்சி, அங்கே இந்த வாதம் நிற்காது. கிராமம் என்றால் நிற்கும், ஆனால் கடைக்குப் பின்னால் வந்த கோயிலுக்குப் பொருந்தாது. கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு மேல் விற்றால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள்.

ஒரு தாயார்: குடித்துவிட்டு எங்கள் திண்ணையில் படுக்கிறார்கள், பாட்டிலை உடைக்கிறார்கள். டியூஷன் முடிந்து மகள் ஒன்பது மணிக்கு வருகிறாள்.

படிக்கும்போதே மனம் பதறுகிறது அம்மா. வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய திண்ணை அது. இப்போது கம்பிக்கதவு போட்டு அடைக்கிறோம். போட்டுவிடுங்கள், அதில் தவறில்லை. மகளைத் தெருமுனையிலேயே ஒருவர் போய் அழைத்து வரட்டும். குடித்தவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். வாசலில் நல்ல விளக்கும் ஒரு கேமராவும் வையுங்கள். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 355ஆம் பிரிவில் குற்றம். உடைந்த பாட்டிலைக் கூட்டித் தள்ளும் முன் படம் எடுங்கள். பால்காரர் செருப்பில்லாமல் நடக்கிற தெரு என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

பார்க்காரர் எங்கள் சொந்தக்காரர். மனுக் கொடுத்தால் பகை வருமே?

அப்படியானால் முதலில் நேரில் போங்கள். இரவில் போகாதீர்கள், கோபம் இரண்டு பக்கமும் இருக்கும். காலையில், கடை கழுவும் நேரத்தில் போய், உங்கள் படுக்கையறைக்கு அவரையே அழைத்து வந்து காட்டுங்கள். எங்கள் பார்க்காரர் கோட்டாட்சியர் நோட்டீசுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் நின்று மதில் பக்கம் பார்த்தார். அவருடைய ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கழற்றி உள்சுவருக்கு மாற்றினார். மூன்று ஆண்டுக்கு முன்பே அவரை நான் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.