கேள்வி-பதில்: குன்றூர்களுக்கு நடந்து போக 2,480 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் பாரிஸ் புறநகரில் 22 வருடமாக இருக்கிறோம். வந்த நாளிலிருந்து வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு என்றே ஓடிவிட்டது. வரும் செப்டம்பரில் எனக்கு 50 வயது. தெற்கே லூபெரோன் பக்கம் மலைமேல் இருக்கிற ஊர்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. ஒரு நடைப்பயண நிறுவனம் 6 இரவுக்கு இருவருக்கும் 2,480 யூரோ கேட்கிறது. காலை உணவு, நான்கு இரவு உணவு, பை கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். ரயில் தனி. லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கில் 6,300 யூரோ இருக்கிறது. மாதச் செலவு 1,900 ஆகிறது. மாதம் 250 மிச்சம் பிடிக்கலாம். கணவரின் கம்பெனி கொடுத்த ஷெக்-வகான்ஸ், அதாவது விடுமுறைச் செலவுக்கான சீட்டு, 360 யூரோவுக்கு அலமாரியில் கிடக்கிறது. சூப்பர்மார்க்கெட் அட்டையில் கடன் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா? எனக்கு முதுகுவலி உண்டு, கனம் தூக்க முடியாது. இந்த வயதில் இது வீண் செலவா என்றும் மனது உறுத்துகிறது.

பதில்: வணக்கம் சகோதரி. கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீண் செலவு இல்லை. 22 வருடம் உழைத்து, கடனில்லாமல் சேமிப்பும் வைத்திருக்கிற குடும்பம் ஒரு வாரம் நடக்கப் போவதை நான் எந்தக் கணக்கிலும் வீண் என்று எழுத மாட்டேன். கட்டாயம் போங்கள். அந்த அட்டைக் கடனில் மட்டும் போகாதீர்கள்.

அந்த அட்டையோடு வருவது சாதாரணக் கடன் இல்லை, இங்கே கிரெடி ரெனூவ்லாப்ல் என்று சொல்கிற சுழல்கடன். 3,000 யூரோவுக்குள் எடுக்கும்போது இதற்கு ஆண்டு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 2,480 யூரோவை 21 சதவீதத்தில் எடுத்து 36 மாதம் கட்டினால் மாதம் ஏறக்குறைய 91 யூரோ. வட்டி மட்டும் 800 யூரோ. ஆறு நாள் நடந்ததற்கு மூன்று வருடம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கைப்பணத்தில் ஒரு காரியத்தைச் செய்வது குன்றின் மேல் நின்று யானைச் சண்டை பார்ப்பது போல என்று நம் பெரியவர்கள் சொன்னது உங்கள் பயணத்துக்கு அப்படியே பொருந்தும்.

லிவ்ரே ஆ பணத்தையும் தொட வேண்டாம். மாதம் 1,900 செலவு என்றால் மூன்று மாதத்துக்கு 5,700. இந்த நாட்டில் வேலை போனாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் உதவிப்பணம் வரும், ஆனால் கோப்பு நகர்ந்து வருவதற்குள் வாடகை நாள் வந்துவிடும். அதனால் அந்த மூன்று மாதப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அப்படியானால் கையில் என்ன இருக்கிறது? ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் 250 சேர்த்தால் 1,250. ஷெக்-வகான்ஸ் 360. மொத்தம் 1,610. இதற்குள் முடிக்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முடியும், ஒரு இரவு குறைத்துக்கொண்டால்.

வழியைச் சொல்கிறேன். பாரிஸின் கார் த லியோன் ரயில் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் அவிஞ்ஞோன், அங்கிருந்து பஸ்ஸில் ஃபோந்தேன்-த-வோக்ளூஸ். பாறைக்கு அடியிலிருந்து சோர்க் ஆறு பிறக்கிற ஊர். முதல் இரவு அங்கே. மறுநாள் கோர்த் வரை நீளமான நடை, வழியில் 1148-இல் துறவிகள் தொடங்கிய செனாங்க் மடம். மூன்றாம் நாள் ரூஸியோன், காவிமண் நிறத்தில் நிற்கிற ஊர். நான்காம் நாள் பள்ளத்தாக்கைக் கடந்து பொன்னியூ. நடுவில் ரோமர்கள் கட்டிய ஜூலியன் பாலம் வரும். 2005 வரை அதன்மேல் கார் ஓடியது, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். ஐந்தாம் நாள் லகோஸ்த் ஏறி இறங்கி மெனெர்ப். ஆறாம் நாள் காலையில் பழைய ஒப்பேத். மேலே வாழ்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கிவிட, பாதி இடிபாடாகவே நிற்கிற ஊர் அது. பிறகு கீழே வந்து கவய்யோன் வழியாக வீடு. நெடும்பாதைகளில் வெள்ளை-சிவப்புக் கோடும் உள்ளூர்ப் பாதைகளில் மஞ்சள் கோடும் வழிகாட்டும். இருந்தாலும் ஐ.ஜி.என். எனும் அரசு நிறுவனத்தின் வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும்.

இனிச் செலவு. விலைகள் நான் திட்டமிட வைத்துக்கொண்டவை, நீங்கள் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டு இரவு ழீத் தெதாப் எனும் நடைப்பயணிகள் விடுதியில், இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்கு 55 என்று 220 யூரோ. மூன்று இரவு வீட்டோடு சேர்ந்த ஷாம்ப்ர் தோத் அறையில், 115 வீதம் 345. அந்த மூன்று நாள் இரவு உணவு 210. மதியம் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று 120. ரயில் 240, பஸ் 30, தங்கும் வரி 25, நுழைவுச்சீட்டு 30. பை அனுப்ப நான்கு நாளுக்கு 160. கூட்டினால் 1,380. எதிர்பாராததற்கு 150 சேர்த்தால் 1,530. உங்கள் 1,610-க்குள் வந்துவிட்டது. நிறுவனத்தோடு போனால் ரயில், மதிய உணவு, மீதி இரண்டு இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து 3,000 பக்கம் போயிருக்கும்.

இதில் 160 யூரோ பைக் கூலியை வெட்டலாம் என்று கணவர் சொன்னால் கேட்காதீர்கள். முதுகுவலியோடு எட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு பொன்னியூ மேட்டில் ஏறினால் மறுநாள் நடக்க மாட்டீர்கள், மீதி 1,200 யூரோவும் போச்சு. விடுதிக்காரர்களிடமே கேளுங்கள், தெரிந்த டாக்ஸியைச் சொல்லிவிடுவார்கள். சேமிக்க வேண்டிய இடம் கோர்த். அங்கே ஊருக்குள் தங்குவது சொகுசு ஓட்டல் விலை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் தங்கினால் அறை வாடகை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும், ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கத்தான் அழகும்.

ஷெக்-வகான்ஸ் விஷயத்தில் இப்போதே எழுந்து போய் அலமாரியைத் திறந்து தேதியைப் பாருங்கள். கொடுத்த ஆண்டும் அதற்கடுத்த இரண்டு ஆண்டும்தான் செல்லும். பணம் கொடுக்கும்போது மீதிச் சில்லறை தர மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு எஸ்.என்.சி.எஃப். எனும் பிரெஞ்சு ரயில் நிறுவனம் வருடத்துக்கு ஒருமுறை ஆண்டு விடுப்புச் சீட்டு என்று 25 சதவீதத் தள்ளுபடி தருகிறது. முதலாளி கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், கூட வசிக்கிற துணையையும் சேர்க்கலாம். சீட்டு விலையில் பாதியாவது ஷெக்-வகான்ஸில் கட்டினால், இடம் இருக்கிற ரயில்களில் தள்ளுபடி 50 சதவீதம் வரை போகும். 49 யூரோவுக்கு அவாந்தாழ் எனும் ரயில் தள்ளுபடி கார்டும் உண்டு, ஆனால் வருடத்தில் ஒரே பயணம் என்றால் உங்களுக்கு முதல் வழிதான் லாபம். 360-இல் 120-ஐ ரயிலுக்கு வைத்து, 240-ஐ அதை வாங்கிக்கொள்கிற விடுதிகளுக்கு வையுங்கள்.

அடுத்து ஒரு சொல். விடுதிக்கு முன்பணம் அனுப்பும்போது தாளில் ‘ஆர்’ என்று இருக்கிறதா, ‘அகோந்த்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆர் என்றால் நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் மட்டும் போகும், அவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அகோந்த் என்றால் இரு பக்கமும் கட்டுப்பட்டாயிற்று, முழு விலையையும் கேட்க முடியும். சில வருடத்துக்கு முன் நான் ஒரு கிராமத்து விடுதிக்கு அகோந்த் கட்டினேன். மகளுக்குக் காய்ச்சல் வந்து போக முடியவில்லை. மீதியையும் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டினேன். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நான் படித்துப் பார்க்கவில்லை. இணையத்தில் வாங்கியதற்கு 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறதே என்று நினைக்கலாம். குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அது கிடையாது.

நிறுவனத்தை ஒரேயடியாகத் தள்ளவும் நான் சொல்லவில்லை. அவர்கள் வாங்குகிற கூடுதல் பணத்துக்குப் பதிவு வேலை, வழிக்குறிப்பு, அவசரத்துக்குத் தொலைபேசி எல்லாம் தருகிறார்கள். சட்டப் பாதுகாப்பும் உண்டு. நிறுவனம் திவாலானால் உங்கள் பணம் திரும்ப வர நிதி உத்தரவாதம் கட்டாயம். புறப்பட 20 நாளுக்குள் விலையைக் கூட்ட முடியாது, அதற்கு முன் 8 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் நீங்கள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். ஐ.எம். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத ஆளிடம் மட்டும் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். தொலைபேசியில் பிரெஞ்சு பேசிப் பதிவு செய்யப் பயமாக இருக்கிறது என்றால், அடுத்த வருடம் வரை சேர்த்துவிட்டு அவர்களோடு போவதும் சரியான முடிவே. ஆனால் 22 வருடம் இங்கே வாழ்ந்த உங்களுக்கு ஐந்து தொலைபேசி அழைப்பு பெரிய காரியமா?

செப்டம்பர் நல்ல தேர்வு. லாவெண்டர் பூ இருக்காது, அது ஜூன் கடைசி, ஜூலையோடு சரி. ஆனால் அந்தக் கூட்டமும் இருக்காது. கோடையில் காட்டுத்தீ ஆபத்து அதிகமான நாட்களில் மலைக்காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். செப்டம்பர் முதல் பாதியிலும் அது நடக்கலாம் என்பதால் 15-ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் உணவகங்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பூட்டியிருக்கும், அதனால் அறை பதிவு செய்யும்போதே இரவுச் சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். ஏ.டி.எம். எல்லா ஊரிலும் இல்லை, 150 யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.

மாதம் 250-ஐத் தனியாக ஒதுக்க, சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் தானாக மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். மே மாதத்துக்குள் கோர்த் பக்கத்து அறையை முதலில் பிடியுங்கள், அதுதான் சீக்கிரம் நிரம்பும். அது உறுதியான பிறகு மற்ற நான்கு இரவுகளையும் ரயிலையும் பாருங்கள்.