கல்லூரி லேப்டாப்பில் எந்த லினக்ஸ் போடலாம்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 11 ஏறவில்லை. எதைப் போடலாம்?

பதில்: விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அதன் பல வகைகளில் லினக்ஸ் மின்ட் 22-ஐப் போடுங்கள், அதிலும் பழைய லேப்டாப்புக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அதிலேயே இருந்துவிடச் சொல்ல மாட்டேன். மின்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டிகிரி முடியும்வரை கவலை இல்லை. கையில் கொஞ்சம் காசு இருந்தால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். எந்த லினக்ஸ் என்பதைவிட இதில்தான் வேகம் அதிகம் தெரியும்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுமா என்று முன்கூட்டியே தெரியுமா?

பதில்: தெரியும். லினக்ஸைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யுங்கள் (தொடங்குங்கள்). இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட், பிரைட்னஸ் பட்டன் எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கறுப்பாகவே நின்றால் அந்த லினக்ஸ் உங்களுக்கு வேண்டாம். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் கைவிடாதீர்கள். போனைக் கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குத் தந்து), மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல சமயம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஹேக்கிங் கற்க ஆசை. அதற்கென்றே உள்ள காளி லினக்ஸ் போடட்டுமா?

பதில்: தினசரி வேலைக்கு வேண்டாம். லினக்ஸுக்குப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். மின்ட்டுக்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓட்டும் மென்பொருள்) போட்டுப் பழகுங்கள். அதற்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும்.

கேள்வி: என் மகள் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் புதுசு. விண்டோஸை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். வரைபட மென்பொருள்களான ஆட்டோகேட், ரெவிட் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆன்லைன் தேர்வுக்குச் சில கல்லூரிகள் கேட்கும் சேஃப் எக்ஸாம் பிரவுசரும் அப்படித்தான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். முதலில் முக்கியமான ஃபைல்களுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். அடுத்து, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீயைத் தாளில் எழுதிவையுங்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில் அது கேட்காமலே ஆன் ஆகியிருக்கும், கீ இல்லாவிட்டால் மகளின் ஃபைல்கள் பூட்டிக்கொள்ளும். லினக்ஸுக்கு இடம் கிடைக்க, டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை (பார்ட்டிஷன்) விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸை முழுதாக நிறுத்தாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸ் எப்படி?

பதில்: நல்லது, புத்தம்புது லேப்டாப்புக்குக் குறிப்பாக. ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. செமஸ்டர் லீவில் அப்கிரேடு செய்யும் பொறுமை இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் லேபில் சி புரோகிராம் எழுத டர்போ சி என்ற பழைய டாஸ் மென்பொருள். லினக்ஸில் என்ன செய்வது?

பதில்: பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜைப் போட்டால் ஜிசிசி என்ற சி கம்பைலர் வந்துவிடும். புரோகிராமில் கோனியோ.ஹெச் வரியையும் கிளியர் ஸ்கிரீன் வரியையும் நீக்குங்கள், கெட்ச் இருக்கும் இடத்தில் கெட்சார் போடுங்கள், வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். சாதாரண லேப் பயிற்சிகள் பெரும்பாலும் ஓடிவிடும். பிராக்டிகல் தேர்வு டர்போ சியில்தான் என்றால், பழைய டாஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் அதையே ஓட்டிப் பழகிக்கொள்ளலாம்.